மஞ்சள் கோட்டுக்கு இந்தப் புறம்

அந்தக் கதவைத்தானே பார்க்கிறீர்கள்? பாருங்கள், தவறில்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். நடுப்பலகை பிளந்திருப்பது கடப்பாரையால். கீழே குழி குழியாகத் தெரிவதும் அதே கடப்பாரைதான். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் கறுத்துப் போயிருப்பது இரத்தம். என்னுடையது அன்று, என் தங்கை கணவருடையது. அவர் மணிக்கட்டை நான் கடித்தேன். எலும்பு பல்லில் தட்டும் வரை விடவில்லை.

உட்காருங்கள். உங்கள் தங்கை மாடியை நிதானமாகப் பார்த்துவிட்டு வரட்டும். சாவியைத் தரகர் கொடுத்துவிட்டார் அல்லவா? நான் மேலே வருவதில்லை. கீழ்த்தளம் என் பெயரில் இருக்கிறது, மாடி என் தங்கை வடிவாம்பாள் பெயரில். மாடியைப் பற்றி, நல்லதோ கெட்டதோ, என்னிடம் எதுவும் கேட்காதீர்கள். அங்கே ஒரு குறை உண்டு. அதை உரியவளுக்கு வழக்கறிஞர் மூலம் முறைப்படி தெரிவித்துவிட்டேன். பதில் வரவில்லை. பதில் வரும்வரை மூன்றாம் மனிதரிடம் அதைப் பேசுவது முறையாகாது.

வந்திருப்பது கூடப்பிறந்த தங்கைதானே? முகமே சொல்கிறது. அப்படியானால் உங்களிடம் சொல்லலாம். என் தங்கையின் வலது கையை நசுக்கியது நான் அன்று. பிரஸ் இயந்திரம். இதை முதலில் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும், "அந்தம்மாவா? தங்கச்சி கையை எடுத்த அம்மா" என்றுதான் சொல்வார்கள். முனையில் இருக்கும் மளிகைக் கடைக்காரர் சில்லறையை என் உள்ளங்கையில் வைப்பதில்லை. மேசைமேல் வைத்துத் தள்ளுகிறார். தள்ளட்டும்.

என் வேலை என்ன என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். இயந்திரங்களை ஓட்டும் கணினி நிரல்கள் இருக்கின்றன அல்லவா? ஒருவர் எழுதுவார். அவருக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொருவர் அதைச் சோதிப்பார். அந்த இன்னொருவர் நான். இரண்டு கேள்விகள் எனக்கு. சொன்னபடி செய்திருக்கிறார்களா? சொன்னதே சரிதானா? இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்று அன்று. முதல் கேள்விக்குக் காகிதம் போதும். இரண்டாவது கேள்விக்கு அடிக்க வேண்டும். ஆம், அடிக்கத்தான். ஒரு நிரலை எங்கே அடித்தால் விழும், எந்த நொடியில் கழுத்தைப் பிடித்தால் திணறும் என்று தேடித் தேடி அடிப்பதுதான் என் தொழில். நான் கணிதம் படித்தவள். இரக்கம் இல்லாமல் அடிக்கத் தெரிந்தவள். எனக்கு நல்ல பெயர் இருந்தது.

இந்தத் தொழிலில் எழுதியவருக்கும் சோதிப்பவருக்கும் நடுவில் ஒரு சுவர் வேண்டும். கண்ட குறையை, வேலையை ஒப்படைத்த குழுவிடம் சொல்ல வேண்டும். குழுதான் எழுதியவரிடம் சொல்லும். நேரே சொல்லக் கூடாது. இது என்ன வீம்பு என்று நினைக்கிறீர்கள். வீம்பு அன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சோதனையாளர் தேநீர்க் கடையில் வைத்து, எழுதினவர் காதில் ஒரு குறையைப் போட்டார். இருவரும் நல்ல மனிதர்கள், நண்பர்கள். எழுதினவர் அன்று சாயங்காலமே யாருக்கும் சொல்லாமல் அதைத் திருத்தினார். திருத்தியதில் வேறொன்று கழன்றது. யாருக்கும் தெரியாததால் யாரும் மறுபடி சோதிக்கவில்லை. நஞ்சப்பன் என்கிற தொழிலாளியின் தோள்பட்டை வரை இழுத்துக்கொண்டது அந்த இயந்திரம். நான் போய்ப் பார்த்தபோது சட்டைக் கை மட்டும் உருளையில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. உள்ளே கை இருந்தது. அன்றைக்கு நான் முடிவு செய்தேன், என் வாயிலிருந்து எந்தக் காதுக்கும் எதுவும் போகாது என்று.

இப்போது வடிவு. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அம்மா போன பிறகு நான்தான் தலை பின்னிவிட்டேன், நான்தான் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன், தப்புக்குத் தொடையில் கிள்ளினதும் நான்தான். நிரல் எழுதுவதில் கெட்டிக்காரி. நான் அவளைப் புகழ்ந்ததில்லை. புகழ்வது என் வழக்கமில்லை. கணபதி பகுதியில் ஒரு பெரிய பட்டறை, பெயர் வேண்டாம். தகடு அழுத்தும் பிரஸ் ஒன்றைப் புதிதாகச் செய்தார்கள். அதற்கு நிரல் எழுதியது வடிவு. சோதிக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

எழுதினவள் என் தங்கை, நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே அடுப்பு என்று முதல் நாளே குழுவுக்குச் சொன்னேன். குழுத் தலைவர் வேலுச்சாமி கவுண்டர், "அம்மா, உங்களை விட்டா இதைப் பார்க்க இந்த ஊர்ல ஆளேதுங்க? நீங்க பெத்த புள்ளையா இருந்தாலும் விட மாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியுமே" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நிபந்தனையை நானே எழுதிக் கொடுத்தேன்: சோதனை முடியும் வரை நானும் வடிவாம்பாளும் வேலையைப் பற்றி ஒரு சொல் பேச மாட்டோம். அவளும் கையெழுத்திட்டாள். அந்த வலது கையால்தான்.

பிரஸ் எப்படி வேலை செய்யும் என்றால், மேலேயிருந்து ஒரு பெரிய இரும்புத் தலை மெதுவாக ஏறும், வேகமாக இறங்கும். தொழிலாளி கை வைக்கும் இடத்துக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை. கை உள்ளே போனால் திரை அறுபடும். இறங்குகிற தலை அப்படியே நிற்கும். ஏறும்போது மட்டும் திரை கண்ணை மூடிக்கொள்ளும். ஏறும்போது ஆபத்தில்லை, தகட்டை எடுத்து வைக்க வசதி. இறங்கத் தொடங்கியதும் கண்ணைத் திறக்க வேண்டும். இவ்வளவுதான்.

நான் உக்கடம் சந்தைக்குப் போய் ஆட்டுக்கால் வாங்கினேன். எங்கள் வீட்டில் முட்டைகூட வந்ததில்லை. கடைக்காரர், "ஏனுங்கம்மணி, சூப்புக்குங்களா?" என்றார். "இல்லை. நசுக்குவதற்கு" என்றேன். அவர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அதுதான் ஏற்கெனவே செத்துப் போச்சுங்களே" என்றார். நியாயமான பேச்சுதான். மரக்கட்டை வைத்துச் சோதிப்பவர்கள் உண்டு. கட்டை உடைந்தால் கட்டை உடைந்தது என்றுதான் தோன்றும். எலும்பு நொறுங்குகிற சத்தத்தைக் கேட்டால்தான் சோதிப்பவருக்கு அக்கறை வரும். கையுறைக்குள் காலைச் செருகி, நீளக் குச்சியில் கட்டி உள்ளே நீட்டினேன். நூறு விதமாக நீட்டினேன். ஒவ்வொரு முறையும் இரும்புத் தலை நின்றது. நன்றாகத்தான் எழுதியிருந்தாள்.

பிறகு ஒரு நாள் எனக்குத் தோன்றியது. சாவி ஒன்று இருக்கிறது. இப்பக்கம் திருப்பினால் ஒற்றை அடி, அப்பக்கம் திருப்பினால் தொடர் அடி. தலை ஏறிக்கொண்டிருக்கும்போதே யாராவது அதைத் திருப்பினால்? யாரும் திருப்பக் கூடாது என்று எழுதியிருக்கிறது. கூடாது என்பதைத்தான் மனிதர்கள் செய்வார்கள். திருப்பினேன். தலை உச்சிக்குப் போயிற்று. ஆட்டுக்காலை நீட்டினேன். திரை கண்ணைத் திறக்கவில்லை. இரும்பு இறங்கியது. கையுறையின் விரல் நுனிகள் ஒவ்வொன்றாக வெடித்தன. என் மூக்குக் கண்ணாடியில் மஜ்ஜை தெறித்தது. மறுபடி செய்தேன். மறுபடியும் அதுவே. எனக்கு அன்றைக்கு இருந்தது மகிழ்ச்சி என்றால் தவறாக நினைக்காதீர்கள். கண்டுபிடித்தவளுக்கு வரும் மகிழ்ச்சி அது.

அறிக்கையை அன்று மாலையே வேலுச்சாமி கவுண்டரிடம் நேரில் கொடுத்தேன். வியாழக்கிழமை குழு கூடும்போது பிரிப்பதாகச் சொன்னார். அதுதான் முறை.

வீட்டுக்கு வந்தேன். வடிவு தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். "உன் பையில என்னக்கா இந்த நாத்தம்? செத்த எலியா?" என்றாள். நான் பையைப் பின்கட்டில் வைத்துவிட்டுக் கை கழுவினேன். சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"அக்கா. ஒண்ணே ஒண்ணு."

"கேட்கக் கூடாது."

"நீ வாயே தொறக்க வேண்டாம். இருக்குன்னா தலையை ஆட்டு. இல்லைன்னா சும்மா இரு."

"வடிவு, ரசம் ஊற்றட்டுமா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதில் நான் அடிப்பேனா மாட்டேனா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு சிரித்தாள். "அப்ப ஒண்ணுமில்ல. இருந்திருந்தா உன் மூஞ்சி காட்டிக் குடுத்திருக்கும். ஊத்து, ஊத்து, நல்லா ஊத்து." என் முகம் எதையும் காட்டவில்லை. அவ்வளவு பழக்கியிருந்தேன் அதை. ரசம் ஊற்றினேன். அவள் பிசைந்து சாப்பிட்டதும் அந்தக் கையால்தான். இதையும் பிறகு நீதிமன்றத்தில் சொல்லி அழுதார் அவள் கணவர், நான் ஏதோ விஷம் ஊற்றியதுபோல.

குழு கூட வேண்டியது வியாழக்கிழமை. புதன்கிழமையே வந்து நின்றார்கள் வாங்க வந்தவர்கள்; புனேயிலிருந்து விமானத்தில். இன்றைக்கே இயக்கிக் காட்ட வேண்டும் என்றார்கள். நான் உடனே வேலுச்சாமி கவுண்டரிடம் போய், என் அறிக்கை பிரிக்கப்படவில்லை என்று நினைவூட்டினேன். "சும்மா ஒரு கண்காட்சிங்கம்மா. ஒத்தை அடிதான். ஒரு வம்பும் வராது" என்றார். ஒற்றை அடியில் உண்மையாகவே வம்பு இல்லை. ஆகையால் நான் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. பார்வையாளராக, தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் புறம் போய் நின்றேன். அந்தக் கோட்டுக்கு அப்பால் சோதிப்பவர் போகக் கூடாது.

அந்தப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கை வைத்துக் காட்டுவது. பிரஸ்ஸை விற்கும்போது, அதைச் செய்தவரே முதலில் தன் கையை உள்ளே வைத்துக் காட்ட வேண்டும். தொழிலாளியின் கையைக் கேட்கிறாயே, உன் கையை முதலில் வை என்று. முன்பெல்லாம் இரும்பு வேலை செய்தவர் வைப்பார். நிரல் வந்த பிறகு நிரல் எழுதினவர் வைக்க வேண்டும் என்று ஆயிற்று. நல்ல வழக்கம். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

வடிவு பச்சைப் புடவை கட்டியிருந்தாள். வளையல்களைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்தாள். அவரும் அங்கேதான் மேற்பார்வையாளர், தண்டபாணி. இறங்குகிற தலைக்குக் கீழே கையை நீட்டினாள், நின்றது. கைதட்டினார்கள். இன்னொரு முறை, நின்றது. "பொண்ணுக்குப் பயமே இல்லையப்பா" என்று யாரோ சொன்னார். வாங்க வந்தவர்களில் ஒரு இளைஞன், நல்ல சட்டை, சுறுசுறுப்பான கை. தலை ஏறத் தொடங்கியிருந்தது. அவன் சாவியைத் தொட்டு, "இது எதற்கு?" என்று கேட்டுக்கொண்டே திருப்பிவிட்டான்.

தலை ஏறும்போதே அவன் திருப்பினான் என்பதைக் கவனித்தது நான் ஒருத்திதான். தலை மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. சொன்னேனே, ஏறுவது மெதுவாக. வடிவு அவனைப் பார்த்துச் சிரித்து, "தொடர் அடி சார். அதுலயும் இப்படியேதான் நிக்கும், பாருங்க" என்றாள்.

நான் கையை உயர்த்தினேன். கவனியுங்கள், நான் சும்மா இருக்கவில்லை. கையை உயர்த்தி, "தலைவர் அவர்களே" என்றேன். எழுதியவளிடம் நேரே பேச எனக்கு உரிமையில்லை. தலைவரிடம் பேச உரிமை உண்டு. அவர் திரும்பி, "கேள்வியெல்லாம் கடைசியிலங்கம்மா" என்றார். நான் கையை இறக்கவில்லை. வடிவு என்னைப் பார்த்தாள். உயர்த்தின கையைப் பார்த்தாள். நான் அவளை வாழ்த்துகிறேன் என்று நினைத்துக்கொண்டாளாம். வாழ்நாளில் முதல் தடவையாக அக்கா கை தூக்கி வாழ்த்துகிறாள் என்று. முகமெல்லாம் மலர, முழங்கை வரை உள்ளே நீட்டினாள்.

சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்தான். தொடர் அடி அல்லவா? ஒருமுறையோடு நிற்கவில்லை. ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது. தண்டபாணி மின்சாரத்தை அறுப்பதற்குள் தகடும் வளையல் கழற்றிய கையும் பச்சைப் புடவையின் தலைப்பும் ஒரே தட்டையாகிவிட்டன. ஓடி வந்த இளைஞன் வழுக்கி விழுந்தான், அவ்வளவு இரத்தம். வடிவு கத்தவில்லை. "அக்கா" என்று சாதாரணமாக, பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள்.

நான் மஞ்சள் கோட்டைத் தாண்டவில்லை என்பது எல்லாச் சாட்சிகளும் ஒப்புக்கொண்ட விஷயம்.

மருத்துவமனையில் அவள் கண் விழித்ததும் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சாவி, திரை, ஆட்டுக்கால், அறிக்கை. இனி அவளுக்குத் தெரிவிக்கத் தடையில்லை. பொறுமையாகக் கேட்டாள். "அன்னைக்குச் சாயங்காலமே உனக்குத் தெரியும்" என்றாள். ஆம் என்றேன். "ரசம் ஊத்தினப்பத் தெரியும்." ஆம் என்றேன். இடது கையால் என்னை அறைந்தாள். பழக்கமில்லாத கை, காதில் பட்டது. ஊசி குத்தியிருந்த குழாய் பிய்ந்து அவள் இரத்தம் என் கன்னத்தில் வழிந்தது. "ஒரு வார்த்தை, அக்கா. ஒரே ஒரு வார்த்தை" என்றாள். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்தினாள்.

அன்று மாலைதான் கதவு. தண்டபாணி அதுவரை என்னை "வாங்கக்கா, சொல்லுங்கக்கா" என்றவர். கடப்பாரையோடு வந்தார். "என்ற பொண்டாட்டி கையை வாங்கிட்டு உள்ள உக்காந்திருக்கறயா? தொறடி! உன்ற கையையும் அதே பிரஸ்ல வெக்கறேன், தொறடி!" பலகை பிளந்தது. பிளவு வழியே கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தேடினார். நான் கடித்தேன். அவர் மறு கையால் என் முடியைப் பற்றித் தலையைக் கதவில் மோதினார். மோத மோத நான் கடித்தேன். பக்கத்து வீட்டார் வந்து இருவரையும் பிரித்தபோது என் வாயில் அவர் தோல் இருந்தது. நான் அவர்மேல் புகார் கொடுக்கவில்லை. அவர் நிலைமையில் அது இயல்பு.

நீதிமன்றம் வேலுச்சாமி கவுண்டரைத்தான் கண்டித்தது. என்னை ஒரு குறையும் சொல்லவில்லை. தீர்ப்பில் என் அறிக்கையைப் பாராட்டி ஒரு பத்தி இருக்கிறது. வடிவுக்கு அதை அனுப்பிவைத்தேன். திரும்பி வந்தது. அவர்கள் உடுமலைக்குப் போய்விட்டார்கள். நான் கேட்பதெல்லாம் இதுதான்: நான் எந்த விதியை மீறினேன்? ஒன்றைக் காட்டட்டும். சொல்லியிருந்தால் அவள் திருத்தியிருப்பாள், அவசரத்தில் திருத்தியதில் வேறொன்று கழன்றிருக்கும், இன்னொரு நஞ்சப்பன். இதை யாரும் யோசிப்பதில்லை. தங்கை கை மட்டும்தான் கை என்று—

என்ன சத்தம் அது? உங்கள் தங்கை முன்பக்கத்து மாடத்துக்கு வந்துவிட்டாரா? செல்போன் பேசுகிறாரா? சாய்ந்துகொண்டா—

ஏ பெண்ணே! சாயாதே! கம்பியில் சாயாதே! பின்னால் போ! போ பின்னால்! விடு அந்தக் கம்பியை!

ஐயோ.

இருங்கள், நீங்கள் ஓடாதீர்கள், காலில் குத்தும். விழுந்தது கம்பி மட்டும்தான். பாருங்கள், அவர் சுவரோடு ஒட்டி நிற்கிறார். செல்போன் போனால் போகட்டும். பெண்ணே, அங்கேயே உட்கார். கையைக் காட்டு. இரண்டு கையையும். விரல்களை மடக்கி நீட்டு. சரி. சரி.

துருப்பிடித்து அடி அறுந்து கிடந்தது, மூன்று மழைக்காலமாக. அதுதான் அந்தக் குறை. உரியவளுக்குத் தெரிவித்திருந்தேன். மூன்றாம் மனிதரிடம் சொல்லக் கூடாதுதான். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் சொல்லவில்லை. கத்தினேன். அது வேறு.

இது வேறு, அது வேறு. அங்கே தலைவர் இருந்தார். நிபந்தனை இருந்தது.

தொண்டை எரிகிறது. இப்படிக் கத்தி எத்தனையோ காலமாயிற்று. கத்தியதே இல்லை என்றும் சொல்லலாம். என் குரல் மாடி வரை போகும் என்று எனக்குத் தெரியாது. மஞ்சள் கோட்டிலிருந்து அவள் நின்ற இடம், அம்மா, இதில் பாதி தூரம்கூட இராது.